பூட்டிய அலுமாரி: பாடசாலையில் ஒரு நாவலுக்கு எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

நூல் எரிப்பைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அப்போது நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வலிகாமத்துப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்தேன். அதில் பாதிக் காலம் நூலகமும் என் பொறுப்பில் இருந்தது. அங்கே நான் கண்டது வேறொன்று. பிடிக்காத நூலைப் பாடசாலையில் நாம் எரிப்பதில்லை. அதிபர் அறையில் உள்ள இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். புகை கிளம்பாது. ஆண்டுதோறும் யாரும் நினைவுகூரவும் மாட்டார்கள்.

ஒருமுறை பூட்டக் கொடுத்தவள் நானே. தரம் 11 மாணவி ஒருத்தி நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற நாவலோடு அவளுடைய தகப்பனார் வந்தார். ஒரு பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. "ரீச்சர், இதை உங்கள் பிள்ளைக்கு வாசிக்கக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. அதிபர் கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்தது. அந்த இரண்டு நிமிடத்தை எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக யோசித்துச் சேர்த்தவைதான் கீழே வருபவை. ஆசிரியருக்காக எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, கோபத்தோடு நூலைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: நூல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

முறைப்பாடு வந்தவுடன் நூலை இறாக்கையிலிருந்து எடுக்காதீர்கள். "விசாரித்து முடியும் வரைக்கும்" என்று சொல்லி எடுத்து வைத்த நூல் திரும்பி வந்ததை நான் பார்த்ததே இல்லை. விசாரணை என்று ஒன்று நடந்தால்தானே முடிவதற்கு!

வாய்மொழியாக வந்ததை எழுத்தில் வாங்குங்கள். அதிபரிடம் சொல்லிச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் திகதியோடு ஒரு குறிப்பு எழுதச் செய்யுங்கள். நூலகத்தின் சேர்வுப் பதிவேட்டைத் திறந்து அந்த நூல் எப்போது வந்தது, வாங்கியதா, நன்கொடையா என்று பாருங்கள். பாடசாலை நூலகத்துக்கு ஏற்றது என்ற அங்கீகாரம் நூலில் அச்சிடப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து வையுங்கள். அங்கீகாரம் நூலின் தரத்துக்குச் சான்றாகிவிடாது என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ உப்புச் சப்பில்லாத நூல்கள் அங்கீகாரத்தோடு வந்து இறாக்கையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் நம் அதிபர்களில் பலர் நூலுக்கு எதிரிகள் அல்லர். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரக்கூடிய ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பயந்தவர்கள். அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தால் முதுகு கொஞ்சம் நிமிரும்.

முறைப்பாட்டுத் தாளில் நான்கு கேள்விகள் போதும். எந்தப் பக்கம்? அந்த இடத்தில் கதையில் என்ன நடக்கிறது? பிள்ளைக்கு என்ன தீங்கு வரும் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? "முழு நூலையும் வாசித்தீர்களா?" என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேள்வி போலத் தெரியும் அது, உண்மையில் ஓர் அடி. அடிபட்டவர் பிறகு வாசிக்க மாட்டார். கதையில் என்ன நடக்கிறது என்ற இரண்டாவது கேள்வியே அவரைப் பத்துப் பக்கம் முன்னும் பின்னும் புரட்ட வைக்கும். மேலதிகப் பிரதி இருந்தால் அவரிடம் கொடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஊர்ப் பழைய நாவல்கள் பல அங்கே கிடைக்கின்றன.

இரண்டாம் படி: கோடு போட்ட வரியை வாசியுங்கள்

இதை ஒரு படியாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் செய்யத் தவறியது இதைத்தான். அன்று அந்தத் தகப்பனார் காட்டிய வரியை நான் வாசிக்கவே இல்லை. சிவப்புக் கோட்டைக் கண்டதும் ஆண் பெண் சங்கதியாக இருக்கும், இவர் கொஞ்சம் கட்டுப்பெட்டியான மனிதர் போலும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, வருடாந்தக் கணக்கெடுப்புக்காக அலுமாரியைத் திறந்தபோதுதான் அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. ஆண் பெண் சங்கதி ஒன்றும் இல்லை. கிணற்றடியில் தண்ணீருக்குக் காத்து நிற்கும் ஒரு பெண்ணை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவன் சாதிப் பெயர் சொல்லி ஏசுகிறான். அந்தச் சாதிப் பெயருக்குக் கீழேதான் கோடு. அந்தத் தகப்பனார் எந்தக் குறிச்சியிலிருந்து வந்தவர் என்பது பதிவேட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அவர் கேட்ட கேள்வியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். "உங்கள் பிள்ளைக்கு" என்ற சொல்லில்தான் அவர் அழுத்தம் கொடுத்திருந்தார்.

ஆகவே வந்தவரை இருத்துங்கள், தேநீர் கொடுங்கள், அந்தப் பக்கத்தை அவர் முன்னாலேயே வாசியுங்கள். பிறகு ஒரேயொரு கேள்வி: "இதை வாசித்தபோது பிள்ளை என்ன சொன்னாள்?" பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில்தான் கோபம் தணிந்து உண்மையான காரணத்தைச் சொல்லத் தொடங்குவார்கள்.

மூன்றாம் படி: யாருக்கு வலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரே நூலுக்கு எதிராக வரும் எதிர்ப்புகள் எல்லாம் ஒன்றல்ல. இதற்கு அமெரிக்கப் பாடசாலைகளின் கதை நல்ல உதாரணம்.

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் வெளிவந்த 1885ஆம் ஆண்டிலேயே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் நகரப் பொது நூலகம் அதை விலக்கியது. கரடுமுரடான மொழி, பண்பற்ற சிறுவன் என்பது குற்றச்சாட்டு. நல்ல விளம்பரம், இனி விற்பனை கூடும் என்று ட்வைன் மகிழ்ந்தார். 1957இல் நியூயோர்க் நகரக் கல்விச் சபை அதே நூலைத் தன் கீழ் வகுப்புகளுக்கான பட்டியலிலிருந்து எடுத்தது. இம்முறை காரணம் வேறு: கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல் அந்த நாவல் முழுவதும் வருகிறது. முதல் எதிர்ப்பு, நாகரிகக் கனவான்களுக்கு மூக்குச் சுளித்ததால் வந்தது. இரண்டாவது, வகுப்பில் அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டிய பிள்ளைக்காக வந்தது.

ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலுக்கும் இதே கதிதான். 1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டக் கல்விச் சபை அதை ஒழுக்கக்கேடானது என்றது. செய்யாத பாலியல் குற்றத்துக்காகக் கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் நீதிமன்றம் தண்டிக்கும் கதையில், ஒழுக்கக்கேடு நீதிமன்றத்தில் இருக்கிறதா நூலில் இருக்கிறதா என்று அந்தச் சபை யோசிக்கவில்லை. லீ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, சிறு தொகையும் வைத்து அனுப்பினார். சபை உறுப்பினர்களை ஏதாவதொரு முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்காம். ஆனால் 2017இல் மிசிசிப்பியின் பிலொக்சி நகரில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து அதே நாவல் எடுக்கப்பட்டபோது சொன்ன காரணம், அதன் மொழி சிலரைச் சங்கடப்படுத்துகிறது என்பது. லீயின் கிண்டல் அந்தச் சங்கடத்துக்குப் பதிலாகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைப் பேசும் கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற ஒரு நாவலை உயர்தர வகுப்பில் கொடுத்தால் இரண்டு பெற்றோர் இரண்டு கடிதம் கொண்டு வரலாம். இரண்டிலும் "சாதிப் பிரிவினையைத் தூண்டுகிறது" என்ற ஒரே வாக்கியம் இருக்கும். ஒருவர், தன் முன்னோர் செய்தது அச்சில் கிடப்பதைப் பொறுக்காதவர். மற்றவர், அந்தச் சொல் வகுப்பில் உச்சரிக்கப்படும்போது நாற்பது தலைகள் தன் மகளின் பக்கம் திரும்பும் என்று அஞ்சுபவர். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லும் ஆசிரியர் இருவருக்கும் பிழை செய்கிறார்.

முதலாமவருக்குப் பணிவாக, ஆனால் வளையாமல் பதில் சொல்லுங்கள். நாவலாசிரியர் எதையும் இட்டுக்கட்டவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது அதை எதிர்த்து இங்கே பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. மூட்டியவர்கள் வெளியூரார் அல்லர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்க 1957இல் 21ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகும், 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1968இல் உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காக மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. "அதெல்லாம் பழங்கதை, ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டாமவரிடம் இந்த வரலாற்றையெல்லாம் அவிழ்க்காதீர்கள். அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்க வேண்டியது, இந்த நூலை எப்படிக் கற்பித்தால் உங்கள் பிள்ளை தலை குனியாமல் இருப்பாள் என்பதுதான். நூல் இருக்கும், கற்பிக்கும் விதம் மாறும். அதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

நான்காம் படி: நூலின் அறக்கணக்கை எழுதிப் பாருங்கள்

நாவலுக்காக வாதாட வருபவர்கள் பெரும்பாலும் "இது நல்ல கருத்துள்ள நூல்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எடுபடாது. எதிர்ப்பவரும் "கெட்ட கருத்துள்ள நூல்" என்பார், அவ்வளவுதான்.

நன்னூல் கடைமாணாக்கனுக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி, அதாவது பன்னாடை. நல்லதை ஒழுக விட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கள்ளு வடிக்கும் ஊரில் இதற்கு உரை தேவையில்லை. முந்நூறு பக்கத்தை ஒழுக விட்டு ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருப்பவர் நெய்யரிதான். ஆனால் ஆசிரியர்களாகிய நாமும் அதையே வேறு விதமாகச் செய்கிறோம். கதையை ஒழுக விட்டு, "இந்நாவல் உணர்த்தும் படிப்பினை யாது?" என்ற ஐந்து புள்ளிக் கேள்விக்கான விடையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறோம். நாவலின் அறம் அந்த விடையில் இல்லை.

ஆட்சேபிக்கப்பட்ட பக்கத்தை எடுத்து இவற்றுக்கு விடை எழுதுங்கள்: தவறு செய்வது யார்? கதைசொல்லி அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்? கதைசொல்லி சொல்வதை நாம் நம்ப வேண்டுமா? அந்தத் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்? வாசிக்கும் நம் அனுதாபம் யார் பக்கம் போகிறது, ஏன்?

மூன்றாவது கேள்விதான் ஆழமானது. 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலின் 31ஆம் அத்தியாயத்தில், தப்பி ஓடிய அடிமை ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி, ஜிம்முடைய எசமானிக்கு ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியதும் மனம் லேசாகிறது, பாவம் கழுவப்பட்டது போல. அவனுக்குக் கற்பிக்கப்பட்ட அறத்தின்படி அடிமை என்பவன் பிறர் சொத்து. அவனுக்கு உதவுவது திருட்டு. பிறகு, ஆற்றில் ஜிம்மோடு கழித்த இரவும் பகலும் நினைவுக்கு வருகின்றன. நரகத்துக்குப் போவதென்றால் போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். தான் செய்வது நல்லது என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கெட்டவனாகிவிட்டேன் என்றே நம்புகிறான். வாசிப்பவனுக்கு மட்டும் தெரிகிறது. சமூகம் 'நல்லொழுக்கம்' என்று கற்பித்ததே கொடுமையாக இருக்கலாம் என்பதை ஒரு பதினான்கு வயதுப் பையனின் தடுமாற்றத்தில் வைத்துக் காட்டிவிடுகிறார் ட்வைன். படிப்பினைக் கேள்விக்கு இதை எப்படி எழுதுவது? "பெரியோர் சொல் கேட்கக் கூடாது" என்றா?

இதே கணக்கை ஒருவரும் ஆட்சேபிக்காத நூல்களுக்கும் போட்டுப் பாருங்கள். 1914இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' நம் ஊரின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று. மணவாழ்க்கையில் துன்பப்படும் ஒரு பெண்ணின் கதை. பொறுமையும் பக்தியும் நிறைந்தது என்பதால் எந்தப் பெற்றோரும் அதைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். என்னைக் கேட்டால், சண்டை போட்டுப் படிக்க வேண்டிய நூல் அதுதான். அந்தப் பொறுமைக்கு அவள் கொடுத்த விலை என்ன என்று மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள், வகுப்பு மணி அடித்த பிறகும் எழுந்து போக மாட்டார்கள்.

ஆண் பெண் உறவு பற்றிய முறைப்பாடுகளுக்கும் இந்தக் கணக்கே உதவும். கோவலன் மனைவியை விட்டு மாதவியிடம் போவதையும் மருதத்திணைப் பரத்தையர் பிரிவையும் நாம் கூச்சமில்லாமல் கற்பிக்கிறோம். செய்யுளாக இருந்தால் இலக்கியம், உரைநடையாக இருந்தால் ஒழுக்கக்கேடு என்பது எந்த ஊர் நியாயம்?

ஐந்தாம் படி: வகுப்பு வேறு, இறாக்கை வேறு

"இந்த நூல் வேண்டும்", "வேண்டாம்" என்று ஒரே முடிவாக எடுக்காதீர்கள். வகுப்பில் எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூலா, நூலக இறாக்கையில் விரும்பியவர் எடுத்துப் போகும் நூலா, குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கும் நூலா என்று மூன்றையும் தனித்தனியே பாருங்கள். 1982இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவர் தொடுத்த வழக்கில் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் கீறியது. பாடத்திட்டத்தில் கல்விச் சபைக்குப் பரந்த அதிகாரம் உண்டு. ஆனால் கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பாடசாலை நூலகத்திலிருந்து நூலை நீக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பின் பிரதான உரை கூறியது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. கோடு மட்டும் இங்கேயும் பொருந்தும். கட்டாயப் பாடத்தில் உள்ள நூல்கள் தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தில் வருபவை. அவற்றை மாற்றும் அதிகாரம் அதிபருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆகவே நம் பாடசாலைகளில் உண்மையான போராட்டம் எல்லாம் இறாக்கையைச் சுற்றித்தான்.

ஆறாம் படி: ஐந்து பேரை இருத்துங்கள்

அதிபர் தனியாக முடிவு எடுக்கக் கூடாது. அது அவருக்கும் நல்லதல்ல. நூலகப் பொறுப்பாளர், அந்த வகுப்பில் கற்பிக்காத ஒரு தமிழ் ஆசிரியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவர், வாசிப்புப் பழக்கமுள்ள ஒரு பழைய மாணவர், உயர்தர மாணவர் ஒருவர். மாணவரா என்று புருவத்தை உயர்த்துவார்கள். அந்த ஐவரில் நூலை முழுதாக வாசித்துவிட்டு வருபவர் அவராகத்தான் இருப்பார். மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். வாசிக்காதவர் பேசலாம், வாக்களிக்க முடியாது.

முறைப்பாடு செய்தவரை இந்தக் கூட்டத்துக்கு அழைத்து, நான்காம் படியில் எழுதிய கணக்கை அவர் முன் வாசியுங்கள். அவர் சமய நம்பிக்கையின் பெயரால் எதிர்ப்பவராக இருந்தால் சேக்கிழாரின் கதை கைகொடுக்கும். சோழ அரசன் சமண காவியமான சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தானாம். அமைச்சராக இருந்த சேக்கிழாருக்கு அது பிடிக்கவில்லை. சேக்கிழார் புராணம் சொல்லும் கதை இது. அதற்கு அவர் கொடுத்த பதில் பெரியபுராணம். சிந்தாமணியும் அழியவில்லை; இன்றைக்கும் இரண்டையும் படிக்கிறோம். ஆகவே முறைப்பாட்டாளரிடம் கேளுங்கள்: இந்த நூலுக்குப் பதில் சொல்லும் வேறொரு நூலைச் சொல்லுங்கள், வாங்கி அதே இறாக்கையில் வைக்கிறோம். நான் பிற்காலத்தில் இரண்டு முறை இப்படிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் உண்மையாகவே ஒரு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர் வரவில்லை.

ஏழாம் படி: அந்தப் பக்கத்தை எப்படிக் கற்பிப்பது

இழிசொல் வரும் பகுதியை எந்த மாணவரையும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் மௌனமாக வாசித்து வரச் சொல்லுங்கள். வகுப்பில் அந்தச் சொல்லை நீங்கள் ஒரே ஒரு முறை சொல்லி, அது யார் யாரை நோக்கி எதற்காகச் சொன்ன சொல் என்று விளக்கிவிட்டு, பிறகு "அந்தச் சொல்" என்றே பேசுங்கள். இடைவேளையில் அந்தச் சொல் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறதா என்று ஒரு வாரம் காதைத் தீட்டி வையுங்கள். போனால் அது நாவலின் குற்றமல்ல, ஆனால் உங்கள் பொறுப்பு.

"உங்கள் பக்கத்தில் இப்படி நடந்திருக்கிறதா?" என்று ஒரு பிள்ளையைக் குறித்துக் கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடு கேட்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். கேட்கப்பட்ட பிள்ளை அந்த நல்லெண்ணத்தை வாழ்நாள் முழுக்க மறக்காது. கேள்வியை மறுபக்கம் திருப்புங்கள்: வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு அப்படிப் பேசும் தைரியத்தை யார் கொடுத்தார்கள்? பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர்? இப்படிக் கேட்டால் வகுப்பின் கண்கள் திரும்பும் திசையே மாறிவிடும்.

கறுப்பு மையால் சொல்லை அழித்துப் பிரதியெடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். புத்தக எரிப்பையே கதையாகக் கொண்ட ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலைப் பாடசாலைகளுக்காகப் பதிப்பகமே 1967 முதல் சத்தமில்லாமல் வெட்டி வெளியிட்டது. 1979இல் அவருக்கு விடயம் தெரிந்த பிறகுதான் முழுப் பாடம் திரும்பியது. 2011இல் ஒரு பதிப்பகம் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலின் இழிசொல்லை 200க்கு மேற்பட்ட இடங்களில் 'அடிமை' என்று மாற்றியது. சொல் போனதும் கொடுமை செய்தவர்களின் வாய் சுத்தமாகிவிட்டது. யாருக்கு இலாபம்?

வழக்காடு மன்றம் நடத்தலாமா என்று கேட்பார்கள். கம்பன் விழாக்களில் வாலி வதத்தை வைத்து வழக்காடி வளர்ந்த ஊர், ஆசை வருவது இயல்பு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். குரல் வளம் உள்ள பிள்ளை வென்றுவிடும், நூல் தோற்றுவிடும். நடத்துவதானால் நூலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் பாத்திரத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் பக்க எண் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். பாதிப் பேச்சாளர்கள் அங்கேயே அடங்கிவிடுவார்கள்.

எட்டாம் படி: விலக விரும்பும் பிள்ளைக்கு

தன் பிள்ளை இதை வாசிக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு; மற்றப் பிள்ளைகளும் வாசிக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை இல்லை. மாற்று நூல் ஒன்றைக் கொடுங்கள். அதே அளவு கனமான நூலாக இருக்கட்டும், தண்டனை போலவும் சலுகை போலவும் தெரியாமல். அந்தப் பாடவேளையில் பிள்ளையை விறாந்தையில் நிறுத்தாதீர்கள், நூலகத்துக்கு அனுப்புங்கள். (அங்கே போய் அதே நாவலைத்தான் எடுத்து வாசிக்கும். அது உங்கள் பிரச்சினை அல்ல.)

ஒன்பதாம் படி: எதிர்ப்பவர் சொல்வது சரியாக இருந்தால்

சில வேளை அவர்தான் சரி. பாலுறவை வெளிப்படையாகப் பேசும் எஸ். பொன்னுத்துரையின் 'தீ' முக்கியமான நாவல் என்பதில் எனக்கு ஐயமில்லை. தரம் 9 பிள்ளையின் கையில் அதை நான் கொடுக்க மாட்டேன். உயர்தர மாணவர் கேட்டால் கொடுப்பேன், வாசித்த பிறகு வந்து பேசச் சொல்வேன். ஒரு நூலை மேல் வகுப்புக்கு மாற்றுவது தோல்வி அல்ல. ஆனால் மாற்றியதை எழுதுங்கள்: எந்த நூல், எந்தத் தரத்துக்கு, என்ன காரணம், எப்போது மறுபடி பார்ப்பது. எழுதாமல் மாற்றினால் அது மறுபடி அலுமாரிக்கே போகும்.

பத்தாம் படி: விடயம் மதிலுக்கு வெளியே போனால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஆசிரியரின் கை எட்டாது. 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொல்லித் தீர்ப்பளித்தது. நம் நாட்டில், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. ஆனாலும் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக, மனித உரிமையைக் காக்க வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழேயே கைதாகி, நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார்.

ஆகவே முகநூலில் வாதாடாதீர்கள். யார் கேட்டாலும் ஆறாம் படியில் ஐவர் எடுத்த முடிவை எழுதிய கடிதத்தையே காட்டுங்கள். பிள்ளையின் பெயரும் முறைப்பாட்டாளரின் பெயரும் பாடசாலை மதிலைத் தாண்டக் கூடாது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு நீங்களே முந்திக்கொண்டு பிரதி அனுப்பிவிடுங்கள்.

கடைசிப் படி: கணக்கெடுப்பு

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாடசாலைப் பொருட்களைக் கணக்கெடுக்கும்போது நூலகப் பதிவேட்டில் 'காணவில்லை' என்று குறிக்கப்படும் நூல்களைத் தனித் தாளில் எழுதுங்கள். மூன்று ஆண்டுப் பட்டியலை அருகருகே வைத்துப் பாருங்கள். தொலைந்த அகராதி இருக்கும், பொது அறிவு நூல் இருக்கும். அவை உண்மையாகவே தொலைந்தவை. ஒரே வகையான நாவல்கள் தொடர்ந்து தொலைந்திருந்தால், எந்த அறையில் தொலைந்தன என்று தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை.

நான் பூட்டக் கொடுத்த நூலும் அந்தப் பட்டியலில் 'காணவில்லை' என்றே நான்கு ஆண்டு இருந்தது. குறித்தது என் கையெழுத்து. திறந்தபோது அட்டையின் ஓரத்தைச் செல்லரித்திருந்தது. மடித்த பக்கம் அப்படியே மடிந்திருந்தது. நிமிர்த்தி, துடைத்து, பழைய இலக்கத்திலேயே இறாக்கையில் வைத்தேன். சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. அந்தத் தகப்பனாரைத் தேடிப் போனேன். குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார்கள் என்று அயலார் சொன்னார்கள்.

கணக்கெடுக்க வருபவர்களிடம் நூலகத்தின் சாவியோடு அலுமாரியின் சாவியையும் கொடுங்கள்.